வெள்ளைச் சேலைக்காரரிடம் வேலை கேட்டது

லுணுகலையில் பார்த்த கடை வேலையை விட்டுவிட்டு நமுனுகுல பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் வந்த தூரம் போக மிச்சம் நடை. முதலாளி நல்லவர்தான். ஒரே இடத்தில் நிற்க எனக்கு வராது. எட்டாம் வகுப்போடு ராமநாதபுரத்திலிருந்து கிளம்பியவன், கடல் தாண்டி இலங்கைக்கு வந்தும் அப்படியே இருந்தேன். ஒரு தேயிலைத் தோட்டத்தில் மரக்கறி பயிரிடுகிறவர் ஆள் தேடுவதாகக் கடைக்கு வந்த ஒருவர் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் அன்றைக்குப் படுக்க இடமில்லை.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாம்பல் குவியல் புகைந்தது. பெண்கள் மாரில் அடித்து அழுதார்கள். நடுவில் வெள்ளைச் சேலையில், தலைவிரி கோலமாக, ஒரு கைம்பெண் மண்ணில் உருண்டுகொண்டிருந்தாள். இழவு வீட்டுக்கா வேலை கேட்டு வந்தோம் என்று தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“யாரும்மா தவறிட்டாங்க?”

“காமன்.”

“என்ன வயசு?”

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “இந்தியாக்காரரா நீங்க?”

“ஆமாங்க.”

“மன்மதனுங்க! சிவன் நெத்திக்கண்ணால எரிச்சாருல்ல, அவருதான். காமன் கூத்து. விடியக்காலையில எரிச்சோம். உங்க பக்கமிருந்துதானே எங்க ஆளுங்க இதைக் கொண்டாந்தாங்க? உங்களுக்கே தெரியாதா?”

தெரியாது. எங்கள் ஊரில் மன்மதனுக்காக யாரும் அழுது நான் பார்த்ததில்லை. கூத்து என்றால் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கண்ணீர் நிஜமாக இருந்தது. ஒருத்தி செத்துப்போன தன் தம்பியைச் சொல்லி அழுதாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மரக்கறிக்காரர் எங்கே என்று விசாரித்தேன்.

“அந்தா உருளுறாரே, ரதி வேசம். என் வீட்டுக்காரருதான்.”

உற்றுப் பார்த்தால், மழித்த தாடை. பக்கத்தில் போய்க் குந்தி, “ஐயா, வேலை இருக்குன்னு சொன்னாங்க” என்றேன்.

“தாலி அறுத்துக் கெடக்கேன், என்னை ஐயாங்கிறானே இந்தப் பாவி!”

ஒப்பாரி ராகத்திலேயே சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த வாயோடு மறுபடி அழ ஆரம்பித்தார்கள். கிண்டலா, கோபமா, வேலை இல்லை என்கிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பி வந்து பையை எடுத்தேன்.

“எங்க கெளம்பிட்டீங்க?” என்றார் அந்த அம்மா. “அவரு இப்ப வேலைப் பேச்சுப் பேச மாட்டாரு. காப்புக் கட்டியிருக்காரு. மூணாம் நாள் காமன் உயிரோட எழும்புற வரைக்கும் மண்வெட்டியத் தொட மாட்டாரு. புருசன் இருக்கிற நான் நாளைக்குக் கொழுந்து எடுக்கப் போகணும், இந்த மனுசன் விதவையா உருளுறாரு. போஞ்சிக்கு யாரு தண்ணி ஊத்துறது?”

அன்றிரவு லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள். மறுநாள் காலை, மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீரை வாளியில் பிடித்துப் போஞ்சி என்கிற பீன்ஸ் பாத்திக்குச் சுமக்கிற வேலையில் சேர்ந்தேன். “செருப்போட பாத்திக்குள்ள எறங்காதீங்க” என்று மட்டும் அந்த அம்மா சொல்லிவிட்டுப் போனார். அது போஞ்சிக்காகவா காமனுக்காகவா என்று தெரியவில்லை. கழற்றிவிட்டு இறங்கினேன்.