ஒன்பது நிபந்தனைகளும் ஒரு வெள்ளைப் பொட்டலமும்

ஒன்பதாம் வகுப்பில் நான் போட்ட பட்டியல் இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைப்பு: 'லினக்ஸ் ஓட ஏற்ற சின்ன லேப்டாப்'. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றிக்கொள்ளும் இலவச இயங்குதளம். கீழே ஒன்பது நிபந்தனைகள். புத்தகப் பையில் அடங்க வேண்டும். அதன் வைஃபையை லினக்ஸ் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். இப்படியே போகும். பழையதாக இருந்தாலும் சரி என்று அம்மா சேர்க்கச் சொன்னார். இது போனால் இன்னொன்று கிடையாது என்றும் சொன்னார். அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

பாண்டிச்சேரியில் வேலை பார்த்த மாமா பட்டியலை வாங்கிப் படித்தார்.

"ஏம்மா, எங்க அக்காவுக்கு மாப்பிள்ளை பாக்கும்போதுகூட நாங்க இவ்ளோ கேக்கலையே!"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "கேட்டிருந்தா நான் எங்க தேறியிருப்பேன்" என்றார்.

பழைய லேப்டாப் விற்கும் கடையிலிருந்து மாமா போன் செய்தார். முதலாவது வைஃபையில் தோற்றது. இரண்டாவதில் எதையும் கழற்ற முடியாது. மூன்றாவது ஒன்பதிலும் தேறி, அட்டைப்பெட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றே விண்டோஸை அழித்துவிட்டு, பென்டிரைவில் வைத்திருந்த லினக்ஸை ஏற்ற ஆரம்பித்தேன்.

பெட்டியில் ஒரு குட்டி வெள்ளைப் பொட்டலமும் இருந்தது. நான் அதைக் குப்பையில் போட, அப்பா எடுத்து விரல்களுக்கு நடுவே வைத்து நசுக்கிப் பார்த்தார். மரக்காணம் உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரிய விரல்கள்.

"உப்பு மாதிரியே நெறுநெறுங்குதே. இது எதுக்கும்மா?"

"ஈரத்த இழுக்கும்பா."

"உப்பு இழுக்கறா மாதிரியா?"

"ஆமா, அது மாதிரிதான். உங்களுக்குச் சொன்னா புரியாதுப்பா."

திரையிலிருந்து நான் தலையைத் தூக்கவே இல்லை.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. அரையாண்டுத் தேர்வு முடியும்வரை தொடக் கூடாது என்று அம்மா லேப்டாப்பைப் பையோடு பீரோவில் வைத்துப் பூட்டினார். கடைசித் தேர்வு முடிந்த மத்தியானம் சீருடையைக்கூட மாற்றாமல் சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்தேன்.

பை கனத்தது. அடிப்பக்கம் சொதசொதவென்று இருந்தது. உள்ளே பழைய வேட்டித் துணியில் தைத்த சின்ன முடிச்சு ஒன்று, பாதி கரைந்து, நீர் விட்டுக் கிடந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. யுஎஸ்பி துளைகளில் பச்சைப் பாசி போல் ஏதோ பூத்திருந்தது. விசைகளின் இடுக்கெல்லாம் வெள்ளை. பவர் பட்டனை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. எண்ணாமல் நான் செய்த காரியம் அநேகமாக அது ஒன்றுதான்.

"இதுல உப்பு வெச்சது யாரு?"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அம்மா அடுப்படியிலேயே நின்றுவிட்டார். அப்பாதான் வந்தார்.

"நான்தாம்மா, பீரோவுல பூட்டறதுக்கு முன்னாடி. நீ அந்தப் பொட்டலத்தத் தூக்கிப் போட்டியே, அதுக்குப் பதிலா. நல்ல உப்புதான், சித்திரையில வாருனது. பெரிய கல்லாப் பாத்துப் பொறுக்கி எடுத்தேன்."

"மழைக்காலத்துல உப்பு தண்ணி விடும்னுகூட உங்களுக்குத் தெரியாதா?"

அப்பா பையை வாங்கிக் கவிழ்த்தார். ஒரு சொட்டு, பிறகு இன்னொரு சொட்டு. துண்டால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் அழவில்லை.

அப்பா எப்படி இதைச் செய்தார் என்பது அப்போது எனக்கு விளங்கவே இல்லை. அந்த வருடமும் முதல் மழைக்கு முன்பே உப்பு அம்பாரங்களைத் தென்னங்கீற்றுப் போட்டு மூடியவர் அவர். காற்றில் ஈரம் ஏறினாலே சமையலறை உப்பு ஜாடியைத் தொட்டுப் பார்த்து, நாளை மழை என்று சொல்லிவிடுவார். அவருக்குத் தெரியாமல் இல்லை.

அது உப்பு மாதிரிதான் என்றும், சொன்னாலும் உங்களுக்குப் புரியாது என்றும் நான் சொன்னேன். இரண்டையும் அவர் நம்பிவிட்டார்.