வீட்டுக்குக் கொடி கட்டிய மனை புரோக்கர்

ஆட்டோக்காரனுக்கு வழி தெரியாவிட்டால் சவாரி சொல்லிவிடும். சவாரிக்கே தெரியாவிட்டால் வண்டி ஊரைச் சுற்ற வேண்டியதுதான். திருப்போரூர் ஸ்டாண்டில் எனக்கு வாய்த்தவர் கோதண்டம் அண்ணன். உங்கள் ஸ்டாண்டிலும் இப்படி ஒருவர் இருப்பார், என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

நல்ல லொகேஷன்

அண்ணன் முப்பது வருடம் மனை புரோக்கர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தினமும் காலையில் கோயிலுக்கு நடந்து வருவார். வரும்போது தப்பாது, கோபுரம் தெரியும். திரும்பும்போதுதான் வம்பு. அன்றைக்கு வெயில் என்று என் வண்டியில் ஏறினார். வீடு எங்கே என்று கேட்டால் நேராகப் போகச் சொன்னார். பிறகு இடது, பிறகு இன்னொரு இடது. அதே தண்ணீர்த் தொட்டியை மூன்றாவது முறை பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டேன். எதிரே முள் மண்டிய காலி இடம். இறங்கி, இடுப்பில் கை வைத்து நாலு பக்கமும் பார்த்தார். வழி தவறியதை ஒத்துக்கொள்ளும் ஆளா அவர்?

“நல்ல லொகேஷன் தம்பி. தண்ணி கீது, பஸ்ஸு கீது. உனக்குன்னா நானே பேசி முடிக்கிறேன்.”

பதினாலாவது மாடி

இப்படி நாலு தடவை ஆனதும் மகள் செல்வி அவரைச் செங்கல்பட்டுக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனார். என் வண்டிதான். மூளையில் பொடி ரத்தக் குழாய்கள் அங்கங்கே அடைபட்டிருக்கின்றன, அதனால்தான் எங்கே திரும்புவது என்று குழம்புகிறது என்றார் டாக்டர். பிரஷர் மாத்திரையை விடக் கூடாது, தினமும் ஒரே வழியில் நடக்கட்டும், திருப்பத்துக்குத் திருப்பம் பளிச்சென்று ஓர் அடையாளம் இருக்கட்டும் என்றார். ஆனால் செல்வி பயந்துவிட்டார். இன்னொரு தடவை தொலைந்தால் சிறுசேரியில் இருக்கும் தன் அடுக்குமாடி பிளாட்டுக்குக் கூட்டிப்போய்விடுவேன், தனியாக வெளியே விடமாட்டேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். அண்ணன் முகம் தொங்கிப்போனது. எனக்கும் மனசு கேட்கவில்லை.

“பதினாலாவது மாடி தம்பி. எல்லாக் கதவும் ஒரே மாதிரி கீது. அங்க நான் லிப்ட்டாண்டயே தொலைஞ்சிடுவேன்.”

ஐந்து திருப்பம்

அடையாளத்துக்கு வழி கண்டுபிடித்தது அண்ணனேதான். வீட்டுப் பரணில், லேஅவுட் போட்ட காலத்தில் மனை வாங்க வருகிறவர்களுக்கு வழி காட்டக் கட்டிய கலர் கொடிகள் ஒரு மூட்டை கிடந்தன. கோயிலிலிருந்து வீட்டுக்கு ஐந்து திருப்பம். ஒவ்வொன்றிலும் கம்பு நட்டு, திரும்ப வேண்டிய பக்கமாகக் கொடி கட்டினோம்.

மறுநாள் காலை செல்வி வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றுகொண்டார். அண்ணன் கோயிலிலிருந்து கிளம்ப, நான் வண்டியை மெதுவாக விட்டுக்கொண்டு தூரத்தில் பின்தொடர்ந்தேன். மூன்று திருப்பம் தாண்டிவிட்டார். நாலாவதில் நின்று, அண்ணாந்து கொடியைப் பார்த்து, சரியாகத் திரும்பினார். அதற்குள் எனக்கு முன்னால் ஒரு கார் புகுந்து அதே கொடிகளைப் பார்த்தபடி வந்தது. வாசலில் அதிலிருந்து கணவனும் மனைவியுமாக இறங்கி, சைட் எது, சதுர அடி என்ன விலை என்று செல்வியிடம் விசாரித்தார்கள். செல்வி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் செருப்பைக் கழற்றிப் படியில் நின்றார்.

“பாத்துக்கம்மா. நான் வூட்டுக்கு வந்துட்டேன். இவங்கதான் வழி தெரியாம வந்து நிக்கிறாங்கோ.”

இப்போது அண்ணன் தவறாமல் வீடு போய்ச் சேர்கிறார், அங்கே மனை எதுவும் இல்லை என்று கார்க்காரர்களைத் திருப்பி அனுப்புகிற வேலைதான் எனக்குக் கூடிவிட்டது.