தெருவின் ஒற்றை எண் பக்கம்

லண்டன் நோர்பரியில் எங்கள் தெருவின் நடுவே கோடு போட்டவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை. எங்கள் மேலேயே வந்த கோபம் அதைவிடப் பெரிது.

தொண்ணூறுகளின் தொடக்கம். நான் ஒரு தையல் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தேன். தம்பி எங்களோடு இருந்தான். அவனுடைய அகதி விண்ணப்பம் வருடக்கணக்காக இழுபட்டது. எங்கள் தொகுதி எம்.பி. அவனுக்காக உள்துறை அமைச்சுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் எழுதும்வரை தம்பியைத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை நூலகச் சுவரில் புதிய தொகுதிகளின் வரைபடம் ஒட்டியிருந்தது. கோடு எங்கள் தெருவைப் பிளந்துகொண்டு போனது. இரட்டை எண் வீடுகள் பழைய தொகுதியில். ஒற்றை எண் வீடுகள், அதாவது நாங்கள், பக்கத்துத் தொகுதியில். எந்த எம்.பி.யும் தன் தொகுதிக்காரருக்குத்தான் எழுதுவார். அடுத்த தேர்தலோடு தம்பியின் கோப்பு அநாதை.

ஏன் எங்கள் பக்கம் என்று எம்.பி.யின் செயலாளரிடம் கேட்டேன். வாக்காளர் தொகையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், உங்கள் பக்கத்தில் வாக்காளரே சொற்பம் என்றார். சொற்பமா! பிள்ளைகளோடு வீட்டுக்கு எட்டுப் பேர், குளிக்க முறை வைத்து இருந்தோம். வீடு வந்து சேர்வதற்குள் விளங்கிவிட்டது.

வருடந்தோறும் கவுன்சில் ஒரு படிவம் அனுப்பும். வாக்காளர் இடாப்புக்காக, அதாவது வாக்காளர் பட்டியலுக்காக, வீட்டிலுள்ள பெரியவர்களின் பெயர்களைக் கேட்கும். இலங்கை கொமன்வெல்த் நாடு என்பதால் விசா முடிவாகாதவர்களும் அதில் சேர்ந்து வாக்களிக்கலாம். நாங்கள் ஒரேயொரு பெயரை எழுதி அனுப்புவோம். என் வீட்டில் கணவரின் பெயர். இலங்கையில் எங்கள் ஊரில் வீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஆமி வந்து பெடியன்களை ஏற்றிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பயத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, லண்டனில் எங்களை நாங்களே இல்லாமல் ஆக்கி வைத்திருந்தோம்.

நகரசபை மண்டபத்தில் ஆட்சேபம் கேட்கும் விசாரணை நடந்தது. லீவு போட்டுவிட்டுப் போனேன். ஒரு தெருவை இப்படி அறுக்கக் கூடாது, எங்கள் பக்கத்திலும் ஆட்கள் இருக்கிறோம் என்றேன். விசாரித்தவர் பண்பாகத்தான் கேட்டார்: "உங்கள் பெயர் இடாப்பில் இருக்கிறதா?"

"இல்லை. பயத்தில் எழுதவில்லை. இனி எழுதுவேன்."

எண்ணிக்கை ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றார்கள். கோடு அசையவில்லை. நானும் விடவில்லை.

அடுத்த படிவம் வந்ததும் எங்கள் பக்கத்துத் தமிழ் வீடுகள் எல்லாம் ஏறி இறங்கினேன். ஒரு வீட்டு அண்ணை கதவைப் பாதி திறந்தார்.

"தங்கச்சி, உமக்கென்ன விசரே? பேரைக் குடுத்தா நாளைக்கே வந்து நிப்பாங்கள்."

"வரட்டும் அண்ணை. வோட்டுக் கேட்டுத்தான் வருவாங்கள். எழுதுங்கோ."

வீட்டில் தம்பி என் கையைப் பிடித்தான். "என்ரை பேர் வேண்டாம் அக்கா. கேஸ் முடியட்டும்."

"ஏலாது. நீ இந்த வீட்டிலைதான் இருக்கிறாய். எழுதுறன்."

தம்பியின் பெயரை அப்பாவின் பெயரோடு சேர்த்து முழுதாக எழுதினேன்.

தேர்தல் வந்தபோது பக்கத்துத் தொகுதி வேட்பாளர் எங்கள் வாசலுக்கே வந்தார். அவர் கையிலிருந்த இடாப்பில் எங்கள் பக்கம் நிரம்பியிருந்தது. அவர் துண்டுப்பிரசுரத்தை நீட்டினார். நான் தம்பியின் கோப்பை நீட்டினேன்.

"இந்த வீட்டில் ஐந்து வாக்கு. முதலில் இதைப் படியுங்கள்."

வென்ற பிறகு படித்தார், எழுதினார், விடாமல் எழுதினார். கடைசியில் தம்பிக்கு விசா கிடைத்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது வாக்களித்த நாளைத்தான். பள்ளிக்கூட மண்டபத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் தம்பியின் பெயரைக் கேட்டார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். முழுப் பெயரையும் அவனே சொன்னான். அவர் இடாப்பில் தேடி, அந்தப் பெயரின்மேல் கோடிழுத்துவிட்டு வாக்குச்சீட்டைக் கொடுத்தார்.

வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தபின் சொன்னான்:

"அக்கா, பேரைக் கேட்டவ. சொன்னன். ஒண்டும் நடக்கேல்லை."