மூன்று முறை மேல்கட்டை

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பழமொழி சொல்ல வருவார்கள். அந்த அறையில் இருட்டே இல்லை ஐயா! 1946இல், திருத்தணி ரயிலடித் தெருவில், பட்டப்பகலில் நடந்தது இது. கூட இருந்து காதால் கேட்ட தபிதாள் டீச்சர் பைபிளைத் தொட்டுச் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

சத்தியநாதனை மதராஸில் எல்லாரும் பேண்ட் மாஸ்டர் என்பார்கள். அங்கே ஒரு பெரிய ஹோட்டலின் டான்ஸ் ஹாலில் பதினாறு வருஷம் ஜாஸ் பியானோ வாசித்தவர். துரைகளும் துரைசானிகளும் நாலு மணி நேரம் விடாமல் ஆடுவார்கள். பாட்டு நடுவில் நிற்கக் கூடாது. அதனால் ஒரு பியானோவுக்கு இரண்டு ஆள். வாசிக்கிறவனுக்குக் கை ஓய்ந்தால் வலது கோடியில் இருக்கும் கடைசி மேல்கட்டையை மூன்று முறை தட்டுவான். டிங்... டிங்... டிங். ‘ஓய்ந்துபோனேன், மாற்றிக்கொள்ள வா’ என்று அர்த்தம். மற்றவன் வந்து பெஞ்சில் இடப்பக்கம் உட்காருவான். முதலில் இடக்கை, அப்புறம் வலக்கை என்று பாட்டை வாங்கிக்கொள்வான். எழுந்து போகிறவன் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவான். பாட்டு அறாது.

அந்த இரண்டாவது ஆள் ராஜவேலு. திருத்தணிக்குப் பக்கத்துப் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பியானோ முழுக்க சத்தியநாதன் கற்றுக்கொடுத்தது. தாளம் மட்டும் கூடவே பிறந்தது, தறி மிதித்த காலாச்சே.

1941இல் ரங்கூன் ஹோட்டல் ஒன்று சத்தியநாதனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவருக்கோ உடம்பும் அலுத்துவிட்டது, மனசும் அலுத்துவிட்டது. காய்ச்சல் என்று பொய் சொன்னார். “நீ போடா. ரெண்டு மாசம் சமாளி. நான் வந்து கை மாத்திக்கறேன்” என்றார். போகிற எண்ணமே அவருக்கு இல்லை. ராஜவேலு கப்பல் ஏறினான். பின்னாலேயே யுத்தமும் ரங்கூனுக்குப் போய்ச் சேர்ந்தது. கடிதம் நின்றது.

அடுத்த சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸே காலியானது. ஹோட்டலும் மூடியது. சத்தியநாதன் ரயில் ஏறிச் சொந்த ஊரான திருத்தணிக்கு வந்துவிட்டார். சர்ச்சில் வாசிக்கப் பழகுகிறவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்.

மாதாமாதம் கிருத்திகைக்கு மலை ஏறி இறங்கியதும் ராஜவேலுவின் பெண்சாதி சந்திரா அவர் வாசலில் வந்து நிற்பாள்.

“நைனா, எதுனா சேதி வந்துச்சா?”

“இல்லம்மா.”

“என் மேல கோவத்துலதான் பூட்டாரு. கெளம்பற அன்னிக்குக்கூட சண்ட போட்டுகினு இருந்தேன் நைனா.”

அவன் கோபத்தில் போகவில்லை, இவர் அனுப்பித்தான் போனான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாலு வருஷமாக வரவில்லை. பாவி மனுஷன்!

1946 ஆடி மாதம், குடோனில் கிடந்த, அவர்கள் இருவரும் வாசித்த பழைய பியானோவை ஹோட்டல்காரர்கள் அவருக்கே சும்மா கொடுத்துவிட்டார்கள். ஏன் சும்மா கொடுக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வீடு சேர்ந்தது.

மறுநாள் காலை மணி பத்து இருபது. கொல்லையில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

டிங்... டிங்... டிங்.

எலி என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பியானோவின் மூடியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். பத்து இருபது. டிங்... டிங்... டிங். ஓடிவந்து திறந்தார். கடைசிக் கட்டை அமுங்கியே இருந்தது. அவர் பார்க்கப் பார்க்க... மெதுவாக மேலே எழுந்தது.

மூன்றாம் நாள் தபிதாள் பாடத்துக்கு வந்திருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். கிருத்திகைக்காகப் பள்ளிக்கு லீவு. இருவரும் ஜன்னலோரம் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பியானோவின் பக்கத்தில் யாரும் இல்லை.

டிங்... டிங்... டிங்.

“சார்... யாரு சார் வாசிக்கறாங்க?”

சத்தியநாதன் பெஞ்சைப் பார்த்தார். மெத்தை வலப்பக்கம் மட்டும் அமுங்கியிருந்தது. இடப்பக்கம்... ஒரு ஆளுக்கு இடம்.

அந்தப் பழக்கம் திருத்தணியில் அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? எண்சாண் உடம்பும் ஒரு சாணாகக் குறுகிப்போனது அவருக்கு.

நாலாம் நாள் ஆடிக் கிருத்திகை. தெருவெல்லாம் காவடி. தபிதாள் துணைக்கென்று வந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறைய விபூதியோடு சந்திரா வந்தாள்.

“நைனா, எதுனா...”

டிங்... டிங்... டிங்.

பத்து இருபது.

“உள்ள யாரு நைனா?”

பியானோ வாசிக்கத் தொடங்கியது. பழைய டான்ஸ் பாட்டு. கட்டைகள் தானாக இறங்கின... ஏறின. தாளம் தடுமாறியது. ராஜவேலுவுக்கு ஒருநாளும் தடுமாறாத தாளம்.

டிங்... டிங்... டிங்.

வாசல் திறந்துதான் இருந்தது. ஓடிவிடலாம்.

“வந்துட்டேன்டா” என்றார் சத்தியநாதன்.

இடப்பக்கம் உட்கார்ந்தார். மெத்தை வெதுவெதுப்பாக இருந்தது. இடக்கையை வாங்கிக்கொண்டார்.

வலப்பக்கக் கட்டைகள்... தானாக... ஓடின.

வலக்கையை நீட்டினார். சில்லென்று ஏதோ விரல்களை உரசி விலகியது.

பாட்டு அறவில்லை.

பெஞ்ச் கிறீச்சிட்டது.

தோளில்... ஒரு தட்டு.

பாட்டை முடித்தபோது பத்து இருபத்தெட்டு. சத்தியநாதன் அழுதுகொண்டே, திரும்பாமலே சொன்னார்.

“கோவத்துல போகலம்மா. நான் போக வேண்டியது. காய்ச்சல்னு பொய் சொல்லி அவன அனுப்பிச்சேன். வந்து மாத்திக்கறேன்னேன். போகல.”

சந்திரா பியானோவின் பக்கத்தில் வந்தாள்.

“என் மேல கோவம் இல்லியா?”

“இல்லம்மா.”

“நாலு வருசம் நைனா... இத்த சொல்றதுக்கு நாலு வருசமா?”

முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் பியானோவின் மேல் கொஞ்சம் விபூதியை வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள். அடுத்த கிருத்திகைக்கு அவள் வரவில்லை. அந்தச் சத்தமும் வரவில்லை.

புரட்டாசியில், திருப்பதிக்குப் போகிற வழியில் வீராசாமி வந்து எட்டிப் பார்த்தான். ஹோட்டல் குடோனின் வாட்ச்மேன்.

“இங்கயும் கத்துதா சார்?”

“என்னது?”

“அதான் சார், பியானோ. தெனம் காலைல மூணு தட்டு. எலின்னு பூனைய வுட்டோம், பூன அந்தப் பக்கமே போவல. அதனாலதான் சும்மா குட்த்தாங்க. மூணு தட்டிட்டு கொஞ்ச நேரம் கம்முனு இருக்கும் சார்... யாருனா வராங்களான்னு பாக்கற மாதிரி. யாரும் வர்லன்னா மறுநாள் மறுபடியும் தட்டும்.”



“எப்பலேருந்து?”

“நாப்பத்திரண்டு சித்திரைலருந்து. அத்த குடோன்ல போட்டுட்டு நீங்க ஊருக்கு ரயில் ஏறப் போனீங்களே... அன்னிக்குத்தான் சார் மொத தடவ.”

அவர் ஏறிய ரயில் சென்ட்ரலில் இருந்து கிளம்பியது, காலை பத்து இருபதுக்கு.