முழுக்கு நாளிலிருந்து எண்ணினேன்

சுனாமியில் என் மகள் போனாள். நான்கு வயது. என் கைப்பிடியிலிருந்துதான் போனாள். அடுத்த வருசம், முகாமில் இருந்தபோது வயிற்றில் தங்கியது மூன்றாம் மாதமே கலைந்தது. ஆஸ்பத்திரியில் சுரண்டித் துப்புரவாக்கி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் தங்கவில்லை. மாதம் வருவதும் பட்டும் படாமலும், ஒரு நாளோடு சரி. கையை விட்டவளுக்கு இன்னொரு பிள்ளையைக் கடவுள் எதற்குத் தரவேண்டும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

சண்டை முடிந்து, எங்கள் ஊர் பெரியகல்லாற்றிலிருந்து போகும் பஸ்ஸைச் சோதனைச்சாவடிகளில் மறித்து ஆட்களை இறக்காத காலம் வந்த பிறகுதான், கணவரும் நானும் டவுனில் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த பெண் டொக்டர் நிதானமாக விளக்கினார். கமெராவும் வெளிச்சமும் உள்ள மெல்லிய குழாயைக் கீழ்வழியாக விட்டு, கர்ப்பப்பையின் உள்ளே டிவியில் பார்ப்பார்களாம். வயிற்றில் கத்தி படாது. ஏதும் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம்.

"மாதம் வந்து பத்து நாளுக்குள்ள வாங்க. பிந்தினா உள்சுவர் தடிச்சிரும், சரியாத் தெரியாது."

தலையாட்டிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்துப் பெண்கள் நாளை எண்ணுவது முழுக்கிலிருந்து. உதிரம் ஒரு நாளில் நின்றாலும் சரி, ஐந்தாம் நாள் தலைக்கு முழுகி வீட்டுக்குள் ஏறினால்தான் எங்களுக்குக் கணக்குத் தொடங்கும். அதற்கு முந்திய நாட்களை யார் நாளென்று மதித்தார்கள்? நானும் அப்படியே எண்ணி, ஒன்பதாம் நாள் வெறும் வயிற்றோடு போய், பச்சை உடுப்பும் மாற்றிக் கட்டிலில் படுத்தேன். நேர்ஸ் வந்து, ரத்தம் கண்ட முதல் நாள் எது என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டு எண்ணினார்.

"அம்மா, இண்டைக்குப் பதின்மூன்றாம் நாள். செய்யேலாது. அடுத்த மாதம் வாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "நாலு நாளில என்ன வந்திரப் போகுது?" என்று கத்தினேன். அந்த நேர்ஸ் பிள்ளை திருப்பிக் கத்தவில்லை. "வாறவங்கள்ல கனபேர் இப்பிடித்தான் எண்ணுறாங்க. நாங்கதான் விளங்கக் கேட்டிருக்கணும்," என்றார். பஸ்ஸில் கணவர் ஜன்னல் பக்கம் இருக்கச் சொல்லி இடம் விட்டார்.

அடுத்த மாதம் ரத்தம் கண்ட நாளையே கலண்டரில் வட்டம் போட்டு வைத்தேன். முதுகில் ஊசி போட்டார்கள். கால்கள் மரத்துப்போயின, தலை மட்டும் முழிப்பு. தண்ணீர் போல ஒன்றை உள்ளே விட்டு கர்ப்பப்பையை விரித்தார்கள். டிவியில் இளஞ்சிவப்பாக என் உட்புறம் தெரிந்தது. சுவருக்குச் சுவர் வெள்ளை வெள்ளையாக இழைகள், பூட்டிக் கிடந்த வீட்டின் ஒட்டடை மாதிரி.

"முந்திச் சுரண்டின காயம் ஆறேக்க சுவர் ஒன்டோட ஒன்டு ஒட்டியிருக்கு. அதுதான் பிள்ளை தங்கல்ல," என்றார் டொக்டர்.

"என்ட பிழையா டொக்டர்?"

அவருடைய கை நின்றது. "காயம் ஆறினது உங்கட பிழையா?" என்று கேட்டுவிட்டு, சின்னக் கத்தரிக்கோலால் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார். நான் அழுதேன். ஐந்து வருசமாக அந்தக் கேள்வியை யாரிடமாவது கேட்கவேண்டும் என்றிருந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

மகன் பிறந்தது அதற்குப் பின்தான். ஆனால் அவன் பிறந்த நாளைவிட, உள்சுவர் திரும்ப வளர டொக்டர் தந்த மாத்திரைகள் முடிந்த பிறகு வந்த ஒரு காலைதான் எனக்கு அச்சொட்டாக நினைவிருக்கிறது. பழையபடி வயிற்றுக்குத்தோடு, நிறைவாக மாதம் வந்தது. குளியலறையால் வந்த என் முகத்தைக் கணவர் பார்த்தார்.

"வந்திட்டா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். மாதாமாதம் நடப்பதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓம், நல்லா வந்திருக்கு. முகாமுக்குப் போக முந்தி வந்த மாதிரி," என்றேன்.

பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். கர்ப்பப்பை ஆறிவிட்டது என்று பிறகுதான் அவருக்கு விளங்கியது. மகளைப் புதைத்த அன்றும் என் கண்ணுக்கு முன்னால் அழாத மனிசன், வாசற்படியில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.