தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டவர்

நசீமா அக்காவின் மறைவுச் செய்தி வந்தபோது நான் ஓர் அழைப்பில் இருந்தேன். மதுராந்தகத்திலிருந்து பேசிய ஒருவர், பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து நுரை பொங்கிச் சமையலறைத் தரையெல்லாம் பரவுகிறது என்று பதறிக்கொண்டிருந்தார். "நா ஒண்ணுமே பண்ணலீங்க, சுவிட்ச் மட்டும்தான் போட்டேன். ஊருக்குப் போன வொய்ஃப் சாயங்காலம் வந்துடுவாங்க" என்றார். நுரை எப்படி இருக்கிறது, கையால் பாத்திரம் விளக்கும்போது வருமே, அது மாதிரியா என்று கேட்டேன். அந்த நேரத்தில் கைப்பேசியில் அக்காவின் மகள் ஷபானாவின் செய்தி வந்தது. "அம்மா மௌத்தாயிட்டாங்க. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சு அடக்கம்."

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு எழவில்லை. மறுமுனையில் அவர் இருந்தார். அந்த அழைப்பு எப்படி முடிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைப் படிக்கும் பலருக்கு நசீமா அக்கா முகம் தெரியாத ஒரு குரல். செங்கல்பட்டில் எங்கள் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து, பாத்திரம் கழுவும் மெஷினில் கோளாறு என்று சொன்னவர்கள் அந்தக் குரலைக் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் கரகரப்பான குரல். அவசரப்படாத குரல். ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பாதிக் கோளாறுகளை நீங்களே சரிசெய்துவிடலாம் என்று உங்களை நம்பவைத்த குரல்.

நானும் அவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கல்லூரியை முடித்த கையோடு வந்தேன். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை. அவர் மகளுக்குத் திருமணம் செய்துவைத்துவிட்டுச் சதுரங்கப்பட்டினத்திலிருந்து பஸ் மாறி வந்தார். பாத்திரம் கழுவும் மெஷினை இருவருமே அதற்கு முன் தொட்டதில்லை. பயிற்சியின்போது ஒருநாள், முன்னறையில் காட்சிக்கு வைத்திருந்த மெஷினை ஓட்டிப்பார்க்கச் சொன்னார்கள். அதற்கென்று இருக்கும் பொடி தீர்ந்திருந்தது. "சோப்புன்னா சோப்புதானே" என்று அக்கா, டீ டம்ளர் கழுவ வைத்திருந்த சோப்புத் தண்ணீரை ஊற்றினார். நானும் தலையாட்டினேன். சற்று நேரத்தில் கதவிடுக்கிலிருந்து நுரை கிளம்பி வாசல் வரை போனது.

நுரையின் மேல் உப்பைத் தூவினால் அடங்கும் என்று டெக்னீஷியன் ஒருவர் கத்தினார். அக்கா எதிரிலிருந்த டீக்கடைக்கு ஓடினார். உப்பு டப்பாவைக் கொடுத்த கடைக்காரர், "இன்னாக்கா, உள்ள பிரியாணியா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணாத்த, மெஷின்ல தம் போட்டுகினு கீறோம். வந்து துன்னுட்டுப் போ."

அன்று அவ்வளவு பேர் சிரித்ததில் நான் குறுகிப்போனேன். அக்கா உப்பைத் தூவியபடியே என்னைப் பார்த்து, "இன்னாடீ, அழுவுறியா? நாளைக்கு எவனாவது இதே மாரி ஊத்திட்டு போன் பண்ணுவான். நம்மளுக்குத்தான் பதில் தெரியும்" என்றார்.

அப்படியே போன் வரத் தொடங்கியது. கூடவே ஒன்றைக் கண்டுகொண்டோம். யாரும் உண்மையைச் சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று அல்ல, கூச்சம்தான். எச்சில் தட்டை அப்படியே மெஷினில் வைத்தோம் என்று நம் வீடுகளில் எந்தப் பெண்மணியும் ஒப்புக்கொள்ள மாட்டார். அடியில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று ஓர் அம்மா பேசினார். அலசாமல் வைத்தீர்களா என்று நான் கேட்டதும் கோபப்பட்டுவிட்டார். "நாங்க இன்னா அப்டிப்பட்ட குடும்பமா?" என்றார். அக்கா அழைப்பை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நீங்க சுத்தக்காரங்கன்னு குரல்லயே தெரியுது. மெஷினுதான் சுத்தம் இல்லாதது. மொதல்ல பிளக்க புடுங்கிடுங்க. அடித்தட்ட வெளில எடுத்தா கீழ வட்டமா ஒரு சல்லடை கீது பாருங்க. அத திருகி எடுங்க. எடுத்தீங்களா? உள்ள இன்னா கீது?"

கறிவேப்பிலை, கடுகு, முருங்கைக்காய்ச் சக்கை, அதன் அடியில் ஒரு மாத்திரை உறை. சல்லடையைக் கழுவிப் பொருத்தியதும் தேங்கிய தண்ணீர் இறங்கிவிட்டது. போனை வைத்துவிட்டு அக்கா என்னிடம் சொன்னதை எங்கள் சர்வீஸ் சென்டரில் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்: "அவங்க இன்னா பண்ணாங்கன்னு கேக்காத. மெஷின் இன்னா பண்ணுதுன்னு கேளு. கேட்டுட்டு சும்மா இரு."

எனக்கு வராதது அந்தச் சும்மா இருப்பதுதான். வெளியில் நான் பேசுவதே குறைவு. ஆனால் போனில் ஒரு நொடி அமைதி வந்தாலும் பயந்துபோய் அடுத்த கேள்வியைக் கேட்டுவிடுவேன். அதனால் நாளடைவில் என்னை அழைப்புகளிலிருந்து நகர்த்தி, குறுஞ்செய்திகளுக்குப் பதில் எழுத வைத்தார்கள். எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

பிறகு அக்காவுக்குத் தொண்டையில் நோய் கண்டது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்தபோது அவரிடம் குரல் இல்லை. மூச்சு மட்டும் வந்தது. எங்கள் மேலாளர் கெட்டவர் அல்லர். இருந்தாலும், பேச முடியாதவரைப் போன் மேசையில் எப்படி உட்காரவைப்பது என்று கேட்டார். வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். அக்கா தன் கைப்பேசியில் தட்டி அவர் முன் நீட்டினார். "வூட்ல உக்காந்தா நா நோயாளி. இங்க உக்காந்தாதான் நா நசீமா."

மேலாளர் அதை வாங்கிப் படித்தார். பிறகு, "அடுத்த வாரம் வரைக்கும் பாப்போம். கலை பேசட்டும், நீங்க கேளுங்க" என்றார். கலை என்பது நான்தான். ஒரே இணைப்பில் இரண்டு ஹெட்போன்கள் மாட்டப்பட்டன. அக்காவின் நாற்காலி இப்போது என் வாயை நம்பி இருந்தது. முதல் சில நாள்கள் மிக மோசமாகப் போயின. நான் திணறினேன், வாடிக்கையாளர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாரக் கடைசியில் மாமல்லபுரத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். பெயர் சகுந்தலா. வீட்டின் மாடியைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுச் சமைத்தும் போடுகிறவர். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வீங்கியதால் மகன் மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். "தண்ணி ரொம்புதும்மா, ஆனா நிக்க மாட்டேங்குது. ரொம்பிகினே கீது, போய்கினே கீது. பாத்திரம் அப்படியே கீது. உங்க ஆளு வந்து பாத்தா மட்டும் ஒழுங்கா ஓடுது. என் புள்ள நாளைக்கு அத வித்துடறேன்றான்."

குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, சல்லடை சுத்தமா, கதவு சரியாக மூடுகிறதா என்று கேட்டேன். எல்லாம் சரி. எனக்குக் கேள்விகள் தீர்ந்துவிட்டன. அக்கா தன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, போனை மெஷின் பக்கம் வைக்கச் சொல்லும்படி சைகை காட்டினார். சொன்னேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. எனக்கு அவ்வளவுதான் கேட்டது. அக்கா கைப்பேசியில் தட்டினார்: "உள்ள வரும்போதே வெளிய போவுது. தண்ணி எங்க போவுது?"

"அம்மா, அழுக்குத் தண்ணி எங்க போவுது?"

பதில் இல்லை. நான் அடுத்த கேள்விக்கு வாயெடுத்தேன். அக்காவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்த அமைதி எனக்கு நரகமாக இருந்தது. அவர் விடவில்லை.

"வாழைக்கு வுட்டுகினு கீறேம்மா" என்றார் சகுந்தலா அம்மா, தாழ்ந்த குரலில். "மணல் தரை, தண்ணி நிக்காது. இத்தினி தண்ணி வீணாப் போவுதேன்னு பைப்ப ஜன்னல் வழியா கீழ எறக்கி வுட்டுட்டேன். உங்க ஆளு திட்டுவாருன்னு, அவரு வரும்போது மட்டும் மறுபடி சிங்க்ல மாட்டி வெச்சிருவேன்."

அக்காவின் தோள்கள் குலுங்கின. சத்தமே இல்லாத சிரிப்பு. அவர் தட்டத் தட்ட நான் சொன்னேன். பைப்பின் முனை மெஷினைவிடத் தாழ்ந்துவிட்டால், மெஷின் வெளியேற்றாமலேயே தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போய்விடும். பைப்பை மறுபடி சிங்க் உயரத்துக்குத் தூக்கி மாட்டுங்கள். அந்தப் பொடி கலந்த தண்ணீர் வாழைக்கும் ஆகாது, காய்கறி அலசிய தண்ணீரை ஊற்றுங்கள். இணைப்பிலேயே இருந்து அவர் பைப்பை மாட்டினார். மெஷின் நிரம்பியது. பிறகு உள்ளே தண்ணீர் சுழன்று பாத்திரங்களில் மோதும் சத்தம் எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"உன் பேரு இன்னா கண்ணு?" என்று சகுந்தலா அம்மா கேட்டார். அக்கா என்னைச் சுட்டிக்காட்டினார்.

"நசீமா" என்றேன்.

அக்கா என் தோளில் ஓங்கி அடித்தார். வலித்தது. மேலாளர் வெளியே வந்து, "ரெண்டு பேரும் இப்படியே இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உடல் இடம் கொடுத்தவரை அக்கா அந்த நாற்காலியில் இருந்தார். நான் கடைசிவரை "நசீமா பேசறேன்" என்றே போனை எடுத்தேன். ஆகவே அந்த மாதங்களில் அழைத்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பேசியது நான். உங்கள் வீட்டுத் தண்ணீரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது அவர்.

அடக்கம் முடிந்த பிறகுதான் என்னால் சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர முடிந்தது. வந்தவர்கள் குடித்த டம்ளர்கள் குவிந்திருந்தன. அக்கா வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் கிடையாது. ஷபானாவும் நானும் சேர்ந்து கழுவினோம். "மாமியார் வூட்ல எப்டி கீறன்னு அம்மா ஒரே ஒரு வாட்டிதான் கேக்கும்" என்றாள் அவள். "கேட்டுட்டு அப்படியே பாத்துகினு இருக்கும். நானா எல்லாத்தையும் கொட்டிடுவேன். இனிமே யாரு அப்டி கேப்பாங்க?" நான் பதில் சொல்லவில்லை. அவள் மேலும் பேசினாள். கழுவி முடித்த பிறகும் பேசினாள்.

அன்று காலை அந்த மதுராந்தகத்துக்காரரிடம் நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். சொல்ல முடியவில்லை. அதை அவர் என் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, "சரிம்மா, சொல்லிடறேன். பாத்திரம் வெளக்குற சோப்பத்தான் ஊத்திட்டேன். வொய்ஃப் கிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

மெஷினை நிறுத்தச் சொன்னேன். ஒரு கைப்பிடி உப்பை எடுத்து நுரையின் மேல் தூவச் சொன்னேன். நுரை அடங்கும்வரை இணைப்பிலேயே இருந்தேன். கடைசியில் அவர் என் பெயரைக் கேட்டார்.

கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது ஒன்றைத்தான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்கிறேன். பெயரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "கலைச்செல்வி" என்றேன்.