காலாண்டு விடுமுறையில் நட்ட வயல்

நான் என் அம்மாவை அடித்தேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. இடுப்பெலும்பு முறிந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடந்தவள், நான் ஊட்டிய கஞ்சியைத் துப்பினாள். நான் அவள் கையில் ஓங்கி ஒன்று வைத்தேன். காலை ஏழே முக்கால், எட்டு இருபதுக்கு எனக்குப் பேருந்து, கஞ்சி என் புடவையில் வழிந்துகொண்டிருந்தது. அம்மா அழவில்லை. கையைத் தடவிக்கொண்டே, "கொஞ்சம் உப்புப் போட்டிருந்தா துப்பியிருக்க மாட்டேன்" என்றாள்.

அன்று பத்தாம் வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் பிடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடித்த அந்த ஒரு நொடி எனக்குச் சுகமாக இருந்தது. அதை நினைத்துத்தான் பயந்தேன். ஒரு தடவை சுகம் கண்ட கை சும்மா இருக்காது. இருபது வருடம் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்துப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியும்.

அம்மா ஏதோ வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிட வேண்டாம். நாங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். சாயங்கால ஜெபத்தை அம்மா சத்தமாகத்தான் செய்வாள், நான் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. "ஆண்டவரே, என் மகளுக்குப் பொறுமையைக் கொடும். அவளுக்குக் கல்யாணம் ஆகாததுக்கு நான் காரணம்னு நெனைக்கிறா, அவளை மன்னியும். அவ வைக்கிற ரசத்தையும் மன்னியும்." கடவுளிடம் பேசுகிறவளை எப்படிக் குறுக்கே மறித்துச் சண்டை போடுவது? ஆமென் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு இரண்டு விடைத்தாள் தப்பாகிவிடும்.

எங்கள் பள்ளி இயற்பியல் டீச்சர்தான் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், தாராசுரம் தாண்டி, ஆற்றோரத்தில் ஒரு பழைய பண்ணை வீடு. அதை மனசுக்கு ஓய்வு தரும் ரெட்ரீட் ஆக்கியிருக்கிறார்கள். ஏழு நாள் இருந்தால் புது மனுஷியாகத் திரும்பலாம். அவர் போய்விட்டு முகம் பளபளக்கத் திரும்பியிருந்தார். அவருடைய மாமியார் அந்த வருடம்தான் இறந்திருந்தார், பளபளப்புக்கு அது காரணமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஏழு நாளில் இந்தக் கையை அடக்கிக்கொண்டு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மாவிடம் திருச்சியில் ட்ரெய்னிங் என்று சொன்னேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் ஓய்வு எடுக்கப் போகிறேன் என்று யாரும் யாரிடமும் சொன்னது கிடையாது. காய்ச்சல் வந்தால் படுப்போம், விட்டால் எழுந்துவிடுவோம். காலாண்டு விடுமுறை ஆரம்பித்த அன்று நாகூரிலிருந்து தம்பி மனைவி வந்து இறங்கினாள். அவளுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைப்பது, எந்த மாத்திரை, கஞ்சி எவ்வளவு தண்ணியாக. அம்மாவால் உட்கார முடியாது, முயற்சிகூடச் செய்யாதே என்று அடிக்கோடு போட்டு எழுதினேன். அவள் அதை வாங்கி டிவி மேல் வைத்தாள்.

அந்தப் பண்ணை வீட்டில் என் முன்னோர் யாராவது கூலி வாங்கப் போயிருந்தால் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால்தான் நின்றிருப்பார்கள். எனக்கு முற்றத்தைப் பார்த்த அறை கொடுத்தார்கள். நெல் கொட்டிவைத்த பத்தாய அறையில் இப்போது எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். குப்புறப் படுத்துக்கொண்டு இதையெல்லாம் யோசித்தேன், எனக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லை. நன்றாகவே இருந்தது. போனை ஒரு துணிப்பையில் போட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள், சாயங்காலம் அரைமணி நேரம் தருவார்கள். முதல் நாள் மட்டும் வீட்டுக்குப் பேசினேன். பிறகு பேசவில்லை.

எங்களை வழிநடத்தியது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். தூங்கும்போதும் சிரிப்பாளோ என்னவோ. "உங்களைக் காயப்படுத்தினவங்களுக்கும், நீங்க காயப்படுத்தினவங்களுக்கும் ஒரு கடிதம் எழுதி ஆத்துல விட்டுடுங்க" என்றாள். அம்மாவுக்கு நான்கு பக்கம் எழுதினேன். முதல் பக்கம் மன்னிப்பு. மற்ற மூன்றும் அம்மா என்னை என்னென்ன செய்தாள் என்ற பட்டியல். படித்துறையில் இறங்கி விட்டேன். அது பத்தடி போய் ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொண்டது. மறுநாள் தோட்டக்காரர் எல்லாருடைய கடிதத்தையும் வாரிக் கரையில் போட்டிருந்தார்.

இப்படிக் கேலி பேசினாலும் மூன்றாம் நாளே எனக்குள் ஏதோ இளகியிருந்தது. மூச்சை இழுத்து விடும்போது அம்மாவின் கை நினைவுக்கு வந்தது, கண்ணீர் வந்தது. திரும்பிப் போனதும் முதல் வேலையாக அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கடைசியாக எப்போது கட்டிப்பிடித்தேன் என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை நடவு. சம்பா நேரம். மண்ணோடு உறவாடும் பயிற்சி என்று பெயர். பன்னிரண்டு பேரும் வெள்ளை உடையில் வரப்பில் நின்றோம். பெங்களூருவிலிருந்து வந்த ஒருவர் அட்டை கடிக்கும் என்று காலுறை போட்டுக்கொண்டு வந்திருந்தார். குட்டியானை வண்டி ஒன்று வந்து நின்றது. புடவைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டிய எட்டுப் பெண்கள் குதித்து இறங்கினார்கள்.

நான் பெங்களூர்க்காரருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். யாருக்கும் என்னைத் தெரியாது என்றுதான் அவ்வளவு தூரம் போய் ஒளிந்தேன். நடவு ஆட்கள் இப்போதெல்லாம் வண்டி ஏறி எந்த ஊருக்கும் வேலைக்குப் போவார்கள் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. நடவுக்காரியின் மகள் செய்யக்கூடாத தப்பு. ஆட்களைக் கூட்டி வந்திருந்த பெண் எங்கள் கீழ்வேளூர்ப் பக்கத்துக்காரி. என் அம்மாவோடு பதினைந்து வருடம் ஒரே வரிசையில் குனிந்து நட்டவள்.

"குலவை போடுங்க அக்கா, வீடியோ எடுக்கணும்" என்றாள் சிரிக்கும் பெண். குலவை போட்டார்கள். விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

நான் சேற்றில் கால் வைத்தேன். நடுவதற்காக இறங்கியது நாற்பத்தேழு வயதில் இதுதான் முதல் தடவை. சின்ன வயதில் சோறு கொண்டுபோனபோது ஒருநாள் வயலில் இறங்கியிருக்கிறேன், அதை நடவு என்று சொல்ல முடியாது. அம்மா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, புளியங்குச்சியால் கெண்டைக்காலில் விளாசி, வாய்க்காலில் காலைக் கழுவி அனுப்பினாள். "உன் கால்ல சேறு பட்டுச்சுன்னா நான் நட்டது எதுக்கு?" என்று கத்தினாள். அதனால்தான் நான் படித்தேன். அதனால்தான் நாற்றை எப்படிப் பிடிப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். நாற்று முடியைப் பிரித்துக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னாள்.

"நீங்க அவங்க மகதானே?"

பின்னால் டாக்டர் ஒருவரின் மனைவி நின்றிருந்தார். நேற்று முழுக்க அவரோடு பேசிக்கொண்டிருந்தேன், அப்பா தாசில்தாராக இருந்தார் என்றெல்லாம் அளந்துவிட்டிருந்தேன். இதற்குமேல் காரணம் எதுவும் இல்லை.

"இல்லீங்க. அது யாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்படிங்களா. அதே சாயலு."

அவள் நகரவில்லை. நான் நடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு கொத்து நாற்றை எடுத்து மணிக்கட்டு வரைக்கும் உள்ளே அழுத்தினேன். அடுத்ததை அதைவிட ஆழமாக. மூன்றாவது சாய்ந்து மிதந்தது. பின்பக்கமாக நகர வேண்டும் என்பது தெரியாமல் முன்னால் போய் நட்டதையே மிதித்தேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"மன்னிச்சுக்கங்க, தப்பா கேட்டுட்டேன்" என்றாள் அவள். "அவங்க வயித்துல பொறந்தது இப்படி நடாது."

நான் தலையாட்டினேன். தப்பித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பதினோரு மணிக்குள் எங்களைக் கரையேற்றி இளநீர் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டு மாடியிலிருந்து பார்த்தால் அந்தப் பெண்கள் நாங்கள் நட்டதை எல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னால் பொறுக்க முடியவில்லை. கீழே போய் ஏன் என்று கேட்டேன்.

"இது வெளையிற வயல் இல்லீங்க" என்றாள் அவள், நிமிராமல். "நீங்க நடுறதுக்குன்னே விட்டிருக்கிற வயல். அடுத்த வாரம் வேற ஆளுங்க வருவாங்கல்ல."

ஏழாம் நாள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து என்ன பெற்றோம் என்று சொன்னோம். நான் பொறுமை என்றேன். எனக்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் மத்தியானம் கீழ்வேளூர் வந்து வீட்டுக் கதவைத் திறந்தால் அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் உட்கார முடியாது என்று அடிக்கோடு போட்ட அம்மா. தம்பி மனைவி பின்னால் நின்று தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். டிவியில் தொடர் ஓடியது. இருவர் வாயிலும் முறுக்கு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூச்சை இழுத்து விட்டேன். போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தேன். அவள் பிடிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை.

"ட்ரெய்னிங் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா."

"என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

புதுப் பாடத்திட்டம், கணினியில் மதிப்பெண் ஏற்றுவது என்று ஐந்து நிமிடம் பேசினேன். அம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் வெளுத்து வெடித்திருந்தது.

"சேத்துப்புண்ணு. மஞ்சளைக் கொழைச்சுப் போடு" என்றாள். "முந்தாநாள் அவ வந்திருந்தா. என்கூட நடவுக்கு வந்தவ. கும்பகோணம் பக்கம் ஒரு பண்ணையில உன் மக மாதிரியே ஒருத்தியப் பாத்தேன், கேட்டதுக்கு உன்னை யாருன்னே தெரியாதுன்னுட்டான்னு சொன்னா."

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நானும் சொல்லிட்டேன். அது என் மக இல்ல. என் மக திருச்சியில ட்ரெய்னிங்ல இருக்கா, அவ சேத்துல எறங்க மாட்டான்னு. உன் மானத்தைக் காப்பாத்தியாச்சு, பயப்படாத."

"அம்மா, நான் ஜாலிக்குப் போகலம்மா. உன்னை அடிச்சேன்ல, திரும்பவும் அடிச்சிடுவேனோன்னு பயந்துதான் போனேன்."

சீப்பு நின்றது. தம்பி மனைவி என்னைப் பார்த்தாள்.

"அடிச்சதை நான் யாருக்கிட்டயும் சொல்லல" என்றாள் அம்மா. "இப்ப நீயே சொல்லிட்ட. அடி பெருசில்ல. நானும் உன்னை அடிச்சிருக்கேன். பெத்தவளையும் பிள்ளையையும் தவிர வேற யாரை அப்படி அடிக்க முடியும்? ஆனா யாருன்னே தெரியாதுன்னா, அப்புறம் எந்த உரிமையில நான் உன் வீட்டுல கெடந்து பீ மூத்திரம் அள்ள வைக்கிறது?"

மன்னிப்புக் கேட்டேன். ஏழு நாளில் கற்றுக்கொண்ட எல்லா வார்த்தையையும் கொட்டினேன். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டச் சொன்னாள்.

அடுத்த நாள் அம்மாவை நாகூருக்குக் கூட்டிப்போகத் தம்பி காரோடு வந்தான். அம்மாவைத் தூக்க வழக்கம்போல நான் குனிந்தேன். அவள் தம்பி மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் தலையணையையும் பைபிளையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். தம்பி என்னோடு பேசவில்லை. கார் திரும்பியதும் உள்ளே வந்து அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நிம்மதியாக இருந்தது. அதே கட்டிலில் சாயங்காலம் படுத்தவள் மறுநாள் பால்காரர் கதவைத் தட்டிய பிறகுதான் எழுந்தேன்.

கிறிஸ்துமஸுக்குக் கேக்கும் புடவையும் வாங்கிக்கொண்டு நாகூர் போனேன். அம்மா வாக்கரைப் பிடித்து வாசல் வரைக்கும் நடந்து வந்திருந்தாள். முகத்தில் சதை போட்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மா, புதிதாகக் குடிவந்தவராம், என்னைப் பார்த்துவிட்டு, "யாருங்க வந்திருக்கிறது?" என்று கேட்டார்.

அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"கீழ்வேளூர்ல டீச்சரா இருக்காங்க" என்றாள். "இந்தப் பக்கம் வந்தாங்களாம், அப்படியே பாத்துட்டுப் போகலாம்னு வந்திருக்காங்க."

நான் ஆமாம் என்றேன்.